மேனேஜர் கை போட்ட தோள் யாருடையது

என் வீட்டுக்காரிக்குத் தம்பியும் என் மகளுக்குத் தாய்மாமனும் எனக்கு மச்சானுமாகிய உனக்கு,

இங்கு கம்ப்யூட்டரைத் தவிர எல்லோரும் சுகம். நீ சுகமாக இருப்பதில் எனக்குச் சந்தேகமில்லை, மற்றதில்தான் சந்தேகம். நான் சொல்லச் சொல்ல எழுதுவது உன் மருமகள். அவள் என் மகளாக இருந்தாலும் எப்போதும் உன் கட்சி என்பதால், எழுதியதை அவ்வப்போது திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆலைச் சங்கு பழுதாகி மாதம் முழுக்கத் தகர டின்னைத் தட்டி ஷிஃப்டுக்குக் கூப்பிட்டார்களே, பாலத்துச் சுவரை இடித்து லாரி அந்தரத்தில் தொங்கியதே, நீ மீசை வைக்கப்போய் அது ஒரு பக்கம் மட்டும் வளர்ந்ததே, அந்த வருஷம்தான் பஞ்சுக் கிடங்கில் தீப்பிடித்தது. மறுநாள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, தண்ணீர் வால்வைத் திறந்து ஆலையைக் காப்பாற்றியவன் தோளில் மேனேஜர் கை போட்டுப் படம் எடுத்தார்கள். அது என் தோள். நீ உன் தோள் என்கிறாய். கல்யாண வீடு, சாவு வீடு, ஆஸ்பத்திரி வராந்தா என்று ஓரிடம் பாக்கியில்லாமல் சொல்லி வருகிறாய். காகிதப் படத்தைக் கரையான் தின்றுவிட்டது. நல்ல வேளையாக அதற்கு முன்பே உன் மருமகள் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள். ஆனால் என் புரை விழுந்த கண்ணுக்கு அதில் முகங்கள் கடுகாகத் தெரிகின்றன. இவளைக் கேட்டால் எல்லாருக்கும் ஒரே மூஞ்சி என்கிறாள். அதனால்தான் அடுத்த வாரம் குடும்பம் கூடும்போது பெரிதாக்கி மாட்டுவோம், தோற்றவன் ஆயுசுக்கும் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று போனில் சொன்னேன். நீயும் சரியென்றாய். சொன்ன வாயின் ஈரம் காயவில்லை, படத்தைக் காணோம்.

எனக்கு எழுத்துத் தெரியாது. கம்ப்யூட்டரில் எது எங்கே என்று இடத்தை வைத்துத்தான் பிடிப்பேன். மஞ்சள் பைக்குக் கீழே நம் படம். காலையில் பார்த்தால் மஞ்சள் பையும் இல்லை, படமும் இல்லை, கழுவிவிட்ட தரைபோல் நீலமாகக் கிடக்கிறது, ஓரத்தில் ஒரு குப்பைத்தொட்டி மட்டும். முந்தின நாள் வீட்டுக்கு வந்தவன் யார்? உன் மகன். சார்ஜரை மறந்துவிட்டேன் என்று வந்தான். சார்ஜர் எடுக்க வந்தவன் எதற்கு டீ குடித்தான், எதற்கு என் காலைப் பற்றி விசாரித்தான்? உன் மகன் என்னைப் பார்த்துச் சிரித்து நான் கண்டதே இல்லை. அன்று சிரித்தான்.

அவன் போன பிறகு போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டர் தன்பாட்டுக்கு ஓடுகிறது. புள்ளிகள் வட்டமாகச் சுற்றுகின்றன, கீழே ஏதோ எழுதியிருக்கிறது, முன்னால் ஆளில்லை. ஆளில்லாமல் மெஷின் ஓடக் கூடாது என்பது ஆலைச் சட்டம். சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன். இவ்வளவு பொறுப்பானவன் வீட்டில் இப்படி நடக்கிறது.

ரிப்பேர்காரர் வந்தார். தட்டினார், முறைத்தார், பிறகு என் பக்கம் திரும்பி, “நடுவுல கரண்ட்ட நிறுத்தினது யாரு பெரியவரே?” என்றார். கேள்வி கேட்க வேண்டியவன் நான், இவர் என்னைக் கேட்கிறார். அவருக்கும் உனக்கும் பழக்கம் உண்டா? ஏதோ புது மாற்றம் பாதியில் நின்று கம்ப்யூட்டருக்குப் பழசெல்லாம் மறந்துவிட்டதாம், போன மாதம் இருந்த நிலைக்கே கொண்டுபோய்விடலாமாம். போன மாதம் எனக்குக் கடைவாய்ப் பல் இருந்தது, அதுவும் வருமா என்றேன். உன் மருமகள், “அப்பா, கொஞ்சம் வெளிய போய் உக்காருங்க” என்றாள். ஏன் வெளியே? கதவிடுக்கில் பார்த்தேன், இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். அப்புறம் அவர் கம்ப்யூட்டர் பெட்டியையே தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

ஆகவே மச்சான், படத்தைக் கொடுத்துவிடு. இல்லையென்றால் அது உன் தோள் இல்லை என்று எல்லோர் முன்பும் சொல்லிவிடு. இரண்டும் முடியாதென்றால் அடுத்த வாரம் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடாதே, எனக்குச் செரிக்காது.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். உன் சர்க்கரை இறங்கட்டும், முட்டி வலி தீரட்டும், மனசாட்சி மட்டும் உறுத்தட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா புருஷன் (கைநாட்டு)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் ரிப்பேர்காரர் வந்துவிட்டார். எல்லாம் கிடைத்துவிட்டது. கெட்டது நான் சுவிட்சை அணைத்ததால்தான், மாமா மகன் மேல் தப்பில்லை என்று சொல்லாவிட்டால் மேற்கொண்டு எழுத மாட்டேன் என்று உன் மருமகள் பேனாவை மூடி வைத்துக்கொண்டாள், அதனால் சொல்கிறேன். படத்தைச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு அச்சடித்துக் கொடுத்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வலது கோடியில் நான். இடது கோடியில் நீ. மேனேஜர் நிற்பது நட்டநடுவில். கம்ப்யூட்டரைப் பழைய நிலைக்குத் திருப்பும்போது ஆட்களை இடம் மாற்றிவிட்டீர்களா என்று கேட்டேன். ரிப்பேர்காரர் செருப்பை மாட்டினார். யோசித்தால் நமக்குள் எதற்கு மச்சான் சண்டை? வால்வை இருவரும் சேர்ந்தே திறந்தோம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் பார்த்தேன். மேனேஜர் இப்போது உயிரோடு இல்லை, மேஸ்திரியும் இல்லை, சொட்டைத்தலையன் செத்துப்போனது உனக்கே தெரியும். நம்மை விட்டால் உயிரோடு மிச்சம் ஒரே ஒருவன், மேனேஜர் கையும் அவன் தோளில்தான் இருக்கிறது. இத்தனை வருஷமும் நாம் அடித்துக்கொண்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, ஒரு வார்த்தை பேசாமல் டீயை ஊதிக் குடித்தவன். அடுத்த வாரம் விருந்துக்கு அவனையும் கூப்பிட்டுத் தொலைத்திருக்கிறேன். ஆலைக் கேட் காவலில் இருந்தானே, ஆந்தை என்று கூப்பிடுவோமே, அவன்.