அப்பாவின் காருக்குப் பெரிய பிரேக்

பிரேக்கை மாற்றிய அன்று ஒஸ்லோவின் ரொம்மனில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே உள்ள கார் தரிப்பிடத்தில் நின்றவர்கள் மூன்று பேர்: மேல்மாடியில் இருந்த பிரேக் அண்ணை, டோர்ச் பிடித்த அவருடைய மனைவி சரசக்கா, பொறியியல் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த நான். நிற்காதவர் காரின் சொந்தக்காரர், என் அப்பா. அவர் தன் தங்கை மகளின் கலியாணத்துக்காக ரொறொன்ரோ போயிருந்தார்.

ஒஸ்லோத் தமிழர்களில், கார் ஓடுவதைப் பற்றி அக்கறையே இல்லாமல் அது நிற்பதைப் பற்றி மட்டும் கவலைப்பட்ட ஒரே மனிதர் பிரேக் அண்ணை. பிறருடைய காரில் ஏறினால், பக்கத்து இருக்கையில் இருந்தபடியே வலக்காலால் தரையை மிதித்துக்கொண்டு வருவார். வெஸ்ட்லி இறக்கத்தில் இரண்டு காலாலும் மிதிப்பார். ஒருமுறை பெண் வீட்டார் அவரையும் மாப்பிள்ளை பார்க்கக் கூட்டிப் போனார்கள். தேத்தண்ணி வருவதற்குள் அண்ணை வெளியே போய் மாப்பிள்ளையின் காரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார்: “பெடியன் குணமானவன். பின்பிரேக்தான் சரியில்லை. யோசிச்சுச் செய்யுங்கோ.” பின்பிரேக் மாற்றும்வரை அந்தக் கலியாணம் தள்ளிப் போனது.

அப்பாவின் கார் அவருக்குப் பெரிய மனக்குறை. “தம்பி, கொப்பரின்ரை கார் நிக்கிறேல்லை. களைச்சுப்போய் ஓயுது” என்பார். அதே கொம்பனியின் பெரிய மொடல் ஒன்று பழைய கார்களைக் கழற்றி விற்கும் இடத்துக்கு வந்ததும், அதன் முன்பிரேக் இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் காரில் இருந்த சக்கரங்களை மாற்றாமல், அவற்றுக்குப் பின்னால் இவற்றைப் பூட்டுவது திட்டம். டிஸ்க் ஒவ்வொன்றும் தோசைக்கல் அளவில் இருந்தது.

“அந்தாள் வரட்டும், கேட்டிட்டுச் செய்யுங்கோவன்” என்றார் சரசக்கா.

“தம்பி படிச்சவன். அவன் ஓம் எண்டால் பூட்டுறன். இல்லையெண்டால் விட்டிடுறன்.”

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்த முதல் ஆள் நான். என் சொல்லுக்காக ஒரு பெரிய மனிதர் ஸ்பனரோடு காத்து நின்றது அதுவே முதல் தடவை. வேர்னியர் அளவுகோலை எடுத்து, சக்கரத்தின் உட்புறத்தை அளந்து, கொப்பியில் கணக்கும் போட்டேன்.

“மூண்டு மில்லிமீற்றர் இடைவெளி இருக்கு அண்ணை. தாராளம்.”

கார் நின்றது. எவ்வளவு நன்றாக நின்றதென்றால், ஊர் திரும்பிய அப்பா முதல் சிக்னலில் பிரேக்கை மிதித்தபோது, பின் இருக்கையில் இருந்த கலியாணப் பலகாரம் முழுவதும் முன்னால் வந்துவிட்டது. “என்னடா, காருக்குக் கோபம் வந்திட்டுதோ?” என்றார். நடந்ததைச் சொன்னேன். அளந்தது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

பிறகு முதல் உறைபனி விழுந்தது. வேலைக்குப் போகுமுன் அப்பா குளிர்காலச் சக்கரத்தைத் தூக்கி வைத்தார். அது உள்ளே போகவில்லை. எங்கள் குளிர்கால றிம்கள் கோடைகாலத்தவற்றைவிட இரண்டு அங்குலம் சிறியவை. பெரிய பிரேக்கில் முட்டின. நோர்வேயில் பிறந்து வளர்ந்த நான், நோர்வேயில் குளிர்காலம் வரும் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. கழற்றிய பழைய பிரேக்கையோ, பெரியதை விற்றவனிடமே அண்ணை அப்போதே கொடுத்துவிட்டார்.

ரயர் மாற்ற வந்த அயலவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணையும் இறங்கி வந்தார்.

“ஆர் இதை அளந்தது?” அப்பா சக்கரத்தைக் கட்டிப்பிடித்தபடி கேட்டார்.

நான் ஜாக்கைப் பார்த்தேன்.

“நான்தான் அண்ணை” என்றார் பிரேக் அண்ணை. “தம்பி வேண்டாமெண்டுதான் சொன்னவன்.”

“ஐசே, ஒரு படிச்ச பெடியன் சொல்லேக்கை கேக்கக் கூடாதோ? உமக்கென்ன தெரியும்?”

“ஓம் அண்ணை. கேட்டிருக்க வேணும்.”

வாயைத் திறக்க எனக்கு முழுதாக ஒரு நிமிடம் இருந்தது. நான் குனிந்து கோடைச் சக்கரத்தைத் திரும்பப் பூட்டினேன்.

மறுநாள் பெரிய றிம்மோடு நான்கு குளிர்கால ரயர்களை அண்ணையே வாங்கிவந்து பூட்டினார். அப்பா கொடுத்த காசை வாங்கவில்லை. நான் தனியாகப் போய் நீட்டியபோது, “படிக்கிற பிள்ளையிட்டை வாங்கிறதோ?” என்று தேத்தண்ணி தந்து அனுப்பினார். “நல்ல மனிசன், அளக்கத்தான் தெரியாது” என்று அப்பா இன்றும் சொல்கிறார். நானும் தலையாட்டுகிறேன். என்னை அவ்வளவு மரியாதையாகக் காப்பாற்றியவர் வேறு யாரும் இல்லை.

அந்தச் சக்கரங்களுக்கு அண்ணைக்குச் செலவானது ஆறாயிரத்து எண்ணூறு குரோனர். எனக்கு ஒரு சதமும் செலவாகவில்லை.