ஈறுக்குள் சுற்றிய டேப்

எனக்கு எந்த வேலையும் முழுதாகத் தெரியாது. எல்லா வேலையும் பாதி தெரியும். ஒன்றும் தெரியாதவன் சும்மா உட்கார்ந்திருப்பான். முழுதும் தெரிந்தவன் கூப்பிட்டால்தான் வருவான். பாதி தெரிந்தவன்தான் யாரும் கேட்காமலே ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுப்பான். நான் எடுத்தேன். என் வாய்க்குள்ளேயே விட்டேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. (நான்தான் விட்டேன் என்று வெளியே சொல்லிக்கொள்வது.) ஆய்க்குடியிலிருந்து கிளம்பி, சூரத்தில் சேலை மடித்தேன். புனேயில் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் இருந்தேன். நாக்பூரில் லாரிக்குத் தார்ப்பாய் கட்டினேன். அங்கேதான் ஒரு மதியம் கயிறு அறுந்து, இரும்புக் கொக்கி வந்து மேல்வரிசை முன்பல்லைக் கொண்டுபோனது. வாய் கொப்பளித்துவிட்டு மீதித் தார்ப்பாயையும் கட்டி முடித்தேன். அந்த ஓட்டையோடு இன்னும் பத்து வருடம் அலைந்துவிட்டு, குற்றாலத்து லாட்ஜுகளில் குழாய் வேலை பார்த்துப் பிழைக்கலாம் என்று ஊர் திரும்பினேன். என் மனைவி அதற்குள் என்னிடம் நேரடியாகப் பேசுவதை நிறுத்தியிருந்தாள். எல்லாம் மகள் கோமதி வழியாகத்தான். ("ஒங்கப்பாவுக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு." நான் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன்.)

கோமதி தென்காசியில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர். மாசி மாதம் அவளுக்கு இலத்தூரில் மாப்பிள்ளை அமைந்தது. பையன் பட்டாளத்தில் இருக்கிறான், ஆவணியில்தான் லீவு கிடைக்கும், நிச்சயதார்த்தம் அப்போதுதான் என்று முடிவானது. அன்றைக்கு அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் கேட்டது அந்த ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

"காது குத்துன போட்டோல நீங்க இல்ல. சடங்கு போட்டோலயும் இல்ல. இந்த ஒண்ணுலயாது பல்லோட, சிரிச்சிக்கிட்டு நில்லுங்கப்பா."

அவளுடைய டாக்டரம்மாவிடம் போனேன். என் டூல்பாக்ஸை விட அவருக்கு வயது குறைவாக இருக்கும். மேஜையில் ஒரு மாதிரித் தாடையை வைத்துக்கொண்டு விளக்கினார். எலும்புக்குள் ஒரு டைட்டானியம் ஸ்க்ரூ போகும். அதன் உடம்பு சொரசொரப்பாக இருக்கும், எலும்பு பிடித்துக்கொள்வதற்காக. கழுத்து மட்டும் வழவழப்பாக, கொஞ்சம் ஒடுங்கி இருக்கும், ஈறு தடித்து உட்கார இடம் வேண்டும் என்பதற்காக.

"எலும்பு பிடிச்சிக்கும், அதப் பத்திக் கவல இல்ல. ஈறுதான் முக்கியம். சொந்தப் பல்லுன்னா ஈறு அதோட தச்ச மாதிரி ஒட்டியிருக்கும். இதுல தையல் கிடையாது. சும்மா கட்டிப்பிடிச்சிட்டு நிக்கும், அவ்வளவுதான். அந்தப் பிடி விட்டா கிருமி உள்ள எறங்கிரும்."

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. மோட்டார் தண்டில் ஆயில் சீல் போடுவது மாதிரிதானே என்றேன். அவர் சந்தோஷமாகி, கிட்டத்தட்ட அதேதான் என்றார். அந்த 'கிட்டத்தட்ட'வை நான் காதில் வாங்கவில்லை.

ஸ்க்ரூ எலும்போடு சேர்ந்து இறுகுவதற்குள் ஆடி பிறந்துவிட்டது. நிரந்தரப் பல்லுக்கு முன்னால், ஈறு தன் வடிவத்தைப் பிடிக்கட்டும் என்று ஒரு தற்காலிகப் பல்லை அதன்மேல் முடுக்கினார்கள். கடிக்கக் கூடாது, சுற்றிலும் மெல்லிய பிரஷ்ஷால் சுத்தம் செய்ய வேண்டும், ஆடினால் உடனே வர வேண்டும், சொல்லும்வரை அருவிக்குப் போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். திரும்பும்போது பஸ் கண்டக்டரைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்தேன். அவர் சில்லறை இல்லை என்றார்.

நிச்சயதார்த்தத்துக்கு ஒரு வாரம் முன்பு குற்றாலத்தில் ஒரு ரம்புட்டான் பழத்தின் தோலை முன்பல்லால் உரித்தேன். பத்து வருடத்துக்குப் பிறகு கிடைத்த வசதி. உரித்த கையோடு பல் ஆடியது.

அப்போதே போயிருக்க வேண்டும். போனால் அங்கே கோமதி நிற்பாள், என்னத்தக் கடிச்சிய என்பாள். அதனால், வேலைக்குப் போன லாட்ஜின் குளியலறைக் கண்ணாடி முன் நின்றேன். புனேயில் வாங்கிய செல்போன் ஸ்க்ரூடிரைவர் செட் இன்னும் என்னிடம் இருந்தது. பல்லின் பின்பக்கத்து அடைப்பை ஊசியால் நோண்டி எடுத்தேன், உள்ளே ஒரு குட்டி ஸ்க்ரூ. கழற்றினால் பல் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. ஆடுகிறது என்றால் மரையில் லூஸ். மரையில் லூஸ் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். குழாய் இணைப்பில் தண்ணீர் கசியாமல் சுற்றுவோமே, வெள்ளை டெஃப்லான் டேப், அதைப் பல்லின் கழுத்தில் மூன்று சுற்று சுற்றி, திரும்ப முடுக்கினேன். இம்மியும் ஆடவில்லை. இத்தனை படித்தவர்களுக்கு இது தோன்றவில்லையே என்று டாக்டரம்மாவுக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டேன்.

மூன்றாம் நாள் ஈறு கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. தொட்டால் ரத்தம். கிராம்பை அடக்கிக்கொண்டேன், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன், வீட்டில் வாயைத் திறக்காமல் நடமாடினேன். மனைவி மட்டும் கண்டுபிடித்தாள். "ஒங்கப்பாவுக்கு வாய் நாறுதுன்னு சொல்லு." கோமதி பந்திக்கு இலைக்கட்டு சொல்லும் அவசரத்தில் இருந்தாள்.

நிச்சயத்துக்கு முந்தின நாள் காலையில் சம்மந்தி வந்து நின்றார். ஓய்வு பெற்ற ஏட்டு. மதுரையிலிருந்து அவருடைய சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். சாரல் நேரத்தில் வந்த விருந்தாளியை அருவிக்குக் கூட்டிப்போகாவிட்டால் எங்கள் பக்கத்தில் சோறு போடாததற்குச் சமம். கூட்டிப்போனவன் குளிக்காமல் கரையில் நின்றால் அது அதைவிட மோசம். நான் ஐந்தருவிக் கரையில் துண்டுக்குக் காவல் நிற்கிறேன் என்றேன். ஏட்டையா விடவில்லை.

"என்ன சம்மந்தி, எங்க கூடக் குளிச்சா தீட்டா? வாங்கய்யா."

டாக்டர் வேண்டாம் என்றார் என ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தப் பல் வைத்த புதிதில், நிச்சயத்துக்கு ஆள்கணக்கு பேச வந்த அன்றே அவர், ஆளு எப்படியோ, சம்மந்திக்குப் பல்லு வரிசை அருமை என்று சபையில் சொல்லியிருந்தார். அந்தப் பெயரைக் கெடுக்க மனமில்லை. போய் நின்றேன்.

அருவிக்குக் கீழே வாயை மூடிக்கொண்டு யாராலும் நிற்க முடியாது. முதல் அடி உச்சந்தலையில் விழுந்ததும் 'ஹா' என்று தானாகத் திறக்கும். எனக்கும் திறந்தது. இரண்டாவது அடி விழுந்தபோது ஈறு வலி சட்டென்று லேசானது. மூலிகைத் தண்ணீரின் மகிமை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு நாக்கு போய்ப் பார்த்தது. வீடு காலி.

நான் குனிந்து துழாவுவதைப் பார்த்து ஏட்டையா மோதிரமா என்றார். வாயைத் திறந்து ஓட்டையைக் காட்டினேன். அவர் முப்பது வருடம் பந்தோபஸ்து பார்த்தவர். காவலுக்கு நின்ற தம்பியிடம் விசிலை வாங்கி ஊதினார்.

"யாரும் காலத் தூக்கக் கூடாது. சம்மந்தி பல்லு கெடக்கு. அப்படியே நின்ன எடத்துல தடவுங்க."

நூறு ஆண்கள் ஈரக் கோமணத்தோடும் ஜட்டியோடும் குனிந்து என் பல்லைத் தேடினார்கள். ஒரு தோடு கிடைத்தது. ஷாம்பு உறை கிடைத்தது. கேரளாக்காரர் ஒருவர் மாங்கொட்டைத் துண்டைக் கொண்டுவந்து இதுவா சேட்டா என்று கேட்டார். பல் மட்டும் கிடைக்கவில்லை. மதுரை விருந்தாளிகள் இதைக் குற்றாலத்தின் பழைய வழக்கம் என்றே நினைத்திருப்பார்கள்.

ஏட்டையாவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டார். நாற்காலியில் சாய்ந்தேன். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு கோமதி நின்றாள். டாக்டரம்மா ஈறுக்குள்ளிருந்து இடுக்கியால் வெள்ளையாக ஒன்றை இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது.

"இது என்னது?"

வாய்க்குள் இடுக்கி இருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. கோமதிதான் சொன்னாள்.

"டெஃப்லான் டேப்பு. அப்பா டூல்பாக்ஸ்ல கெடக்கும்."

டாக்டரம்மா திட்டவில்லை. "நாங்களும் இத வைப்போம். பின்னாடி ஓட்டைய அடைக்க. ஈறுக்குள்ள சுத்த மாட்டோம்" என்றார். ஈறு ஆறாமல் வேறு பல் வைக்க முடியாது, நாளைக்கு நிச்சயமாக முடியாது என்றும் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நிச்சயதார்த்தப் போட்டோவில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். மறுநாளே வெட்கம் தாங்காமல் பாலக்காட்டுப் பக்கம் ஒரு வேலைக்கு ஓடினேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். ஆறும்வரை வாரம் ஒருமுறை வரச் சொல்லியிருந்தார்கள். கல்யாணத்துக்குத் திரும்பும்போது ஈறு பிடியை விட்டிருந்தது, உள்ளே எலும்பும் கரைந்திருந்தது. ஸ்க்ரூவைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். ஸ்க்ரூ புதுசு போலவே இருந்தது.

இப்போதும் சாரல் விழுந்தால் ஏட்டையா போன் செய்வார். "சம்மந்தி, டேப்பு சுத்தியாச்சா? அருவிக்குப் போவமா?" என் மனைவி அதற்குப் பக்கத்திலிருந்து சிரிப்பாள். (என்னைப் பார்த்துதான். இடையில் ஆள் இல்லாமல்.)

அந்தப் போட்டோவைக் கோமதி இலத்தூர் வீட்டில் பெரிதாக்கி மாட்டியிருக்கிறாள். பார்க்கிறவர்கள், பெத்த மனசுல்லா, எப்படி அழுதாரு பாரு என்பார்கள். அவள் ஒவ்வொரு தடவையும் திருத்துவாள்.

"எங்கப்பா அழல. சிரிக்காரு. துண்டு மறைக்குது."