அப்பாவுக்கு அச்சடித்த டம்ளர்

படித்தவர்கள் செய்யும் முட்டாள்தனத்துக்கு ஒரு தனி மரியாதை உண்டு. எல்லாவற்றையும் காரணத்தோடு செய்வோம். நான் வேதியியலில் எம்.எஸ்ஸி. (பெருமையில்லை, குற்ற ஒப்புதல்.)

தொண்ணூறுகளின் கடைசி. விருத்தாசலத்தில் பீங்கான் களிமண் அரைக்கும் ஆலையில் வருடக்கணக்காகத் தூசி தின்ற அப்பா, இருமலோடு படுத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு மட்டும் வர மாட்டேன் என்றார். கை நடுக்கத்தில் பீங்கான் குவளை நழுவியது, எவர்சில்வர் சுட்டது.

நான் அப்போது ஒரு பிளாஸ்டிக் பட்டறையில் வேலை பார்த்தேன். மாவு போன்ற களிமண்ணைக் கலந்தால் பிளாஸ்டிக் உறுதியாகும் என்று படித்திருந்தேன். அது சீக்கிரம் வெளுத்து விரிசல் விடாமலிருக்கப் போடும் ரசாயனத்துக்குப் பதில் மூலிகைச் சாறு போட்டால் என்ன? நாட்டு மருந்துக் கடையில், கேரளத்துக்காரர்கள் குடிதண்ணீரில் போடும் பதிமுகக் கட்டை வாங்கிக் கொதிக்கவைத்து, வற்றிய சாற்றைப் பொடியாக்கிக் கலந்து, அப்பாவுக்கென்றே ஒரு டம்ளர் அச்சடித்தேன். குங்குமச் சிவப்பு! ஜனாதிபதியிடம் விருது வாங்க எந்தப் புடவை கட்டுவது என்றுகூட யோசித்தேன்.

அம்மா அதில் சுடச்சுடக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அலறல்.

"கலா, ஓடியாடி! அப்பா வாயெல்லாம் ரத்தம்!"

உதடு, தாடை, பனியன் எல்லாம் சிவப்பு. டம்ளரைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை. (முதுகலை!) ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினோம்.

டாக்டர் பஞ்சால் துடைத்து முகர்ந்து பார்த்தார். "என்ன குடிச்சாரு?"

"கஞ்சிங்க," என்றாள் அம்மா.

"எதுல?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டம்ளர் சாயம் விட்டிருப்பதைச் சொன்னேன். நர்ஸம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக் குலுங்கினார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார், சிரிப்பு இருமலானது. அந்த இருமலைக் கேட்டதும் டாக்டரின் முகம் மாறியது. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். பிறகு என்னைத் தனியே அழைத்தார்.

"இவ்ளோ நாளா என்னம்மா பண்ணீங்க? நுரையீரல்ல ரெண்டு பக்கமும் மண்ணு படிஞ்சி கெடக்குது. இனி மருந்தால ஒண்ணும் ஆவாது."

திரும்பும்போது ஆட்டோவில் அப்பா கேட்டார்: "டாக்டரு என்னாம்மா சொன்னாரு?"

"மாத்திரை குடுத்திருக்காருப்பா. சரியாயிடும்னாரு."

"பொய் சொன்னா உனுக்கு மூக்கு செவந்துடுது," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு வரும்வரை விடவில்லை.

அடுத்த மழைக்காலத்துக்கு அவர் இல்லை.

இன்றும் நான் காபி நீட்டினால், ஒரு வாய் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்து விரலைப் பார்க்காத சொந்தக்காரர் கிடையாது. கதையை அம்மாதான் நன்றாகச் சொல்வாள். அலறல், ஆட்டோ, சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்த நர்ஸம்மா, எதையும் விடமாட்டாள். அவள் கதையில் எக்ஸ்ரே மட்டும் வருவதே இல்லை.