முழுவட்டப் படமும் முழுகாத ஆர்மோனியமும்

செத்தாலும் இனிப் படகில் ஏறுவதில்லை என்பது லாய்டின் தீர்மானம். பெட்ரல் தீவின் கலங்கரை விளக்கத்தில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவன்தான். ஆனால் ஒவ்வொரு படகுப் பயணத்திலும் குடல் வாய்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

இந்த வருஷம் ஐம்பதாவது கல்யாண நாள். மனைவி டெல்மா ஒரே பிடியாக நின்றாள்.

"அந்தத் தீவை இன்னொரு தடவை பார்க்கணும் லாய்ட். அந்தக் காத்து, பாறையில படுத்துக்கிட்டுக் கத்துற சீலுங்க, நம்ம பையன் நடை பழகின முற்றம்..."

லாய்ட் தங்கள் ஊரான டெவன்போர்ட்டின் நூலகத்துக்கு ஓடினான். அங்கே கண்ணில் மாட்டிக்கொள்ளும் கருவி ஒன்றை இரவல் கொடுத்தார்கள். மாட்டினால் குகைக்குள் தவழலாம், சீல்களோடு நீந்தலாம். தலையைத் திருப்பிய பக்கமெல்லாம் அந்த இடமே விரியும். பட்டியலில் பெட்ரல் தீவும் இருந்தது! படகும் இல்லை, வாந்தியும் இல்லை.

வீட்டுக்கு வந்து முதலில் தானே மாட்டிப் பார்த்தான். சுழல் படிக்கட்டு. காற்றுக்குப் பயந்து ஒருக்களித்துப் படுத்த புல். அப்படியே திரும்பினான். எண்ணெய்க் கொட்டகை. கதவு திறந்து கிடந்தது. உள்ளே டெல்மாவின் கால்மிதி ஆர்மோனியம்!

லாய்டுக்குக் குப்பென்று வியர்த்தது.

1977இல் தீவில் சாமான் இறக்கும்போது, கயிறு நழுவி ஆர்மோனியம் கடலில் விழுந்துவிட்டது என்று சொல்லியிருந்தான். டெல்மா மூன்று நாள் அழுதாள். துணைக்கு அவனும் அழுதான். உண்மையில் அதை அந்தக் கொட்டகையில் எண்ணெய்ப் பீப்பாய்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்ததே அவன்தான். இப்போது அந்தப் பீப்பாய்கள் இல்லை. ராத்திரி முழுக்க விளக்கைக் காத்துவிட்டு விடியலில் படுக்கிறவன், தலைமாட்டில் தோத்திரப் பாட்டு கேட்டுக்கொண்டா தூங்க முடியும்?

கப்பல்களுக்கெல்லாம் விளக்கம் காட்டியவன், பெண்டாட்டிக்கு என்ன விளக்கம் சொல்வான்?

டெல்மாவுக்குக் கருவியை மாட்டிவிட்டு, அவள் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"கடலைப் பாரு டெல்மா. கடலை மட்டும் பாரு."

"பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"இடது பக்கம் திரும்பாதே. வெயில் கண்ணு கூசும்."

"படத்து வெயில் எப்படிய்யா கூசும்?"

"கூசும்கிறேன்ல!"

டெல்மா நாலு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைசியில் கருவியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கொட்டகைக் கதவைத் திறந்து போட்டிருக்கானுங்க. ஆர்மோனியம் நனைஞ்சிடும்."

"எ... எந்த ஆர்மோனியம்?"

"நீ கடல்ல போட்டது."

லாய்ட் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"தீவுக்குப் போன ரெண்டாம் வாரமே. கோழியைத் தேடிக்கிட்டுப் போனேன்."

"ஏன் என்னைக் கேட்கலை?"

"கேட்டா வீட்டுக்குள்ள தூக்கிட்டு வந்திருப்பே. தூக்கம் போச்சுன்னு தினம் மூஞ்சியைத் தூக்கியிருப்பே. நீ குறட்டை விட ஆரம்பிச்சதும் நான் கொட்டகைக்குப் போயிடுவேன். ஒன்பது வருஷம் வாசிச்சேன்."

லாய்டுக்கு அந்த விடியல்கள் ஞாபகம் வந்தன. அலைச் சத்தத்துக்கு அடியில் எங்கிருந்தோ மெலிதாக ஒரு பாட்டு. கனவென்று நினைத்துத் தேநீர் குடிக்கும்போது அவளிடமே சொல்லியிருக்கிறான். "நல்லா வாசிச்சாங்களா?" என்று கேட்டுவிட்டு, அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

"அந்தக் கனவு நல்லாத்தான் இருந்துச்சு," என்றான் மெதுவாக.

டெல்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வெட்கத்தில் முகம் சிவந்திருந்தாள். ஐம்பது வருஷத்தில் இப்படி ஒரு பாராட்டு அவளுக்குக் கிடைத்ததில்லை. லாய்டுக்கு நெஞ்சு நிறைந்தது. பொய்யும் போச்சு, சண்டையும் இல்லை, படகும் இல்லை!

"சரி, வியாழக்கிழமை வெள்ளனமே எழுந்திரு," என்றாள் டெல்மா. "படகுக்காரன்கிட்ட போன வாரமே சொல்லியாச்சு. போறதுக்கு ரெண்டு பேர், வர்றதுக்கு ரெண்டு பேரும் ஒரு ஆர்மோனியமும்."