மாதிரித் தோட்டத்துக் கத்திரிக்காய்

ஆடியில் கத்திரி நாற்று விட்டால் ஐப்பசியில் காய்க்கும். காய்த்ததைப் பறித்தால் குழம்பு வைக்கலாம். புதுச்சத்திரத்தில் இது எந்த உத்தரவும் இல்லாமல் வெகுகாலமாக நடந்துகொண்டிருந்தது. ஒரு காரியம் தன் தயவில்லாமல் நடக்கிறது என்று தெரிந்தால் எந்த ஆபீசுக்குத்தான் மனசு ஆறும்? எழுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம் எங்கள் ஊரில் ஒரு ஜீப் வந்து நின்றது.

என் பெயர் அப்புசாமி. சேலத்திலிருந்து நாமக்கல் போகிற ரோட்டோரம் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். அடுத்த வீடு பாப்பாயி வீடு. அவள் வீட்டுக்காரர் நாச்சிமுத்து லாரியில் வடக்கே போனால் இருபது நாள் கழித்துத்தான் திரும்புவார். ஆகையால் இந்தக் கதையில் அவர் வரமாட்டார். வீட்டுக்குப் பின்னால், நாங்கள் பொடக்காலி என்று சொல்கிற இடத்தில், குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் பாய்ந்து பாப்பாயிக்கு ஒரு காய்கறித் தோட்டம் இருந்தது. ஊதாவில் வெள்ளைக் கோடு போட்ட வரிக் கத்திரி, ஒரு அவரைப் பந்தல், ஓரமாகக் கொஞ்சம் மிளகாய். அவ்வளவுதான்.

ஜீப் தோட்டம் பார்க்க வரவில்லை. ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்டு நின்றது. இறங்கியவர் வேளாண்மை விரிவாக்க அலுவலர் தங்கமுத்து. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்தவர். கெட்டவர் ஒருவர் செய்யக் கூசுகிற காரியத்தைக்கூடப் பயந்தவர் செய்துவிடுவார் என்பதை அந்த வருஷம்தான் நான் தெரிந்துகொண்டேன். தண்ணீர் எடுக்கப் பின்பக்கம் போனவர் தோட்டத்தைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டார்.

ஒன்றியத்துக்கு ஒரு 'முன்மாதிரி இல்லக் காய்கறித் தோட்டம்' ஆடி முடிவதற்குள் உருவாக்கப்பட வேண்டும் என்று மேலிடத்து ஆணையாம். ஆடி முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. இங்கேயோ தோட்டம் தயாராகவே இருந்தது. அதில்தான் சிக்கலே வந்தது.

“இருக்கற தோட்டத்தை உருவாக்க முடியாதுங்கம்மா,” என்றார் தங்கமுத்து, உண்மையான வருத்தத்துடன். “அதனால மொதல்ல இதை எடுத்துடணும். அப்பறம் உருவாக்கிடலாம்.”

பாப்பாயி முடியாது என்றாள். நான்தான் நடுவில் புகுந்து, இதெல்லாம் எல்லோருக்கும் கிடைக்கிற பாக்கியமா, வாசலில் பெரிய போர்டு வைப்பார்கள், பூவாளி தருவார்கள் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். பஸ்ஸில் போகிறவர்கள் அவள் போர்டைப் பார்க்கிற சாக்கில் என் கடையையும் பார்ப்பார்கள் அல்லவா? மறுநாள் செடிகளைப் பிடுங்கிவிட்டு ஆபீஸ் விதையைத் தூவினார்கள். அது முளைக்கவில்லை. பதினோராம் நாள் முளைக்கும் என்று புத்தகத்தில் இருந்ததால், பதினோராம் நாள் முளைத்துவிட்டது என்று தங்கமுத்து எழுதிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு பாப்பாயி அடுப்படி மேலே சாம்பலில் புரட்டி வைத்திருந்த தன் பழைய விதையை எடுத்து நாற்று விட்டாள். ஆவணியில் பிடுங்கி நட்டாள். வேப்பம்புண்ணாக்கு வைத்தாள். புரட்டாசியில் பூ வந்தது.

பூவோடு போர்டும் வந்தது. பச்சை வர்ணத்தில் மஞ்சள் எழுத்து. தோட்டத்தின் பெயருக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: 'மேலதிகாரி பார்வையிடும் வரை காய்களைப் பறித்தல் ஆகாது.' பூவாளியும் வந்தது, அதில் ஓட்டை போட மறந்திருந்தார்கள். காவலுக்கு ரங்கன் என்று ஒரு பியூனையும் அனுப்பினார்கள். அவருக்கு ஊர் சேலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டப்பநாயக்கன்பட்டி. மத்தியானச் சோற்றுக்கு அவ்வளவு தூரம் போக முடியாது என்பதால் தோட்டத்தைக் காவல் காக்கிறவருக்குப் பாப்பாயிதான் சோறு போட்டாள்.

ஐப்பசியில் செடிக்கு ஏழெட்டுக் காய் தொங்கியது. அதே ஐப்பசியில் பாப்பாயியின் மகள் சென்னியம்மாளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவந்தார்கள். அவளைக் கட்டிக்கொடுத்தது ஜேடர்பாளையத்தில். ஏழு மாதம் ஆகியும் அந்தப் பெண்ணுக்கு வாயில் வைத்தது வயிற்றில் தங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போய், கை வளையல் முழங்கை வரை நழுவியது. வந்த அன்றே அவள் கேட்டது ஒன்றே ஒன்று. தாய் வீட்டு வரிக் கத்திரிக்காய் போட்ட புளிக்குழம்பு.

சந்தையிலிருந்து வேறு காய் வாங்கி வைத்துப் பார்த்தாள் பாப்பாயி. மகள் மோந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள். மாசமாக இருக்கிறவள் ஆசைப்பட்டதைத் தராவிட்டால் பிறக்கிற குழந்தைக்குக் காதில் சீழ் வடியும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரியாதது ஆபீசுக்கு மட்டும்தான். பாப்பாயி தங்கமுத்துவிடம் போய் நின்றாள்.

“ரெண்டே ரெண்டு காய் பறிச்சுக்கறேனுங்க சார். புள்ளை சோறு திங்காமக் கெடக்குது.”

“பறிச்சா தோட்டம் கொறஞ்சுருமேங்கம்மா.”

“பறிக்கறதுக்குத்தானுங்களே கத்திரிக்கா வெக்கறது?”

“அது சாதாரணத் தோட்டத்துக்கு. இது மாதிரித் தோட்டம். மாதிரித் தோட்டம் பாக்கறதுக்குங்க.”

கடைசியில் அவரே மனமிரங்கி, விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் மேலே அனுப்புவதாகச் சொன்னார். நான்தான் எழுதினேன். ஆசைப்படுபவர் யார், தோட்டத்துக்கும் அவருக்கும் என்ன உறவு, ஆசை தற்காலிகமானதா நிரந்தரமானதா, மாற்றுக் காய் ஏன் உதவாது என்றெல்லாம் கேட்டிருந்தது. 'தற்காலிகமானது' என்று எழுதினேன். நிரந்தரம் என்று எழுதியிருந்தால் வேறு படிவமாம்.

பதில் வரவில்லை. மேலதிகாரியும் வரவில்லை. முதல் தடவை மழை. இரண்டாம் தடவை, இல்லக் காய்கறித் தோட்டங்களை எப்படிப் பார்வையிடுவது என்று சென்னையில் நடந்த கருத்தரங்குக்குப் போய்விட்டார். மூன்றாம் தடவை ஜீப்பில் தண்ணீர் இல்லை. செடியில் கீழ்க்காய்கள் மஞ்சளாகப் பழுத்தன. சில காய்களில் புழு துளை போட்டது. புழு விண்ணப்பம் கொடுத்ததாகத் தெரியவில்லை.

சென்னியம்மாள் தினமும் பின்வாசல் படியில் உட்கார்ந்து அந்தக் காய்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். என் கடையிலிருந்து பார்த்தால் தெரியும். ஆனாலும் தங்கமுத்துவிடம் நான் போய்க் கேட்கவில்லை, என் கடைக்குக் கூட்டம் கொஞ்சம் கூடியிருந்தது. கார்த்திகை பிறந்து நாலாம் நாள் அவள் படியிலிருந்து எழுந்தபோது தலை சுற்றிக் கீழே விழுந்துவிட்டாள். பாப்பாயி ஓடிவந்து தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

“நான் நட்டு, நான் தண்ணி ஊத்தி, எம் புள்ளைக்கு ஒரு காய் குடுக்கறதுக்கு நான் எவனைக் கேக்கோணும்?” என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

மகளை உள்ளே படுக்க வைத்துவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினாள். உச்சி வெயில். ரங்கன் அவரைப் பந்தலின் கீழ் தூங்கிக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டிப் போய் ஒரு செடி பாக்கியில்லாமல் அத்தனை காயையும் பறித்தாள். நல்லது குழம்புக்கு, பழுத்தது விதைக்கு. அன்றைக்குச் சென்னியம்மாள் இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்டது வயிற்றில் தங்கியது. பாப்பாயி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாளாம். என் வீட்டுக்காரி ஆத்தாயி வந்து சொன்னாள்.

மறுநாள் காலையில் தங்கமுத்து மூச்சிரைக்க வந்தார். மேலதிகாரி நாளைக்குப் பத்து மணிக்குக் கட்டாயம் வருகிறார். சொல்லிக்கொண்டே தோட்டத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“காய் எங்கய்யா?” என்று ரங்கனைக் கேட்டார்.

“நான் இங்கியேதானுங்க இருந்தேன். ஒரு காய் வெளிய போகலீங்க.”

அது உண்மைதான். எல்லாம் வீட்டுக்குள்தான் போயிருந்தது. அதில் ஆறு துண்டு ரங்கனுக்குள்ளும் போயிருந்தது, குழம்பு பிரமாதம் என்று அவரே சொல்லியிருந்தார். பாப்பாயி ஒளிக்கவில்லை. பறித்தேன், குழம்பு வைத்தேன், இப்போது என்ன என்றாள். தங்கமுத்துக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. இரண்டு சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றலாகிப் போக வேண்டியதுதான் என்று மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். பாப்பாயிக்கே பாவமாகப் போய், அவருக்கும் ஒரு தட்டில் நேற்றைய குழம்பை ஊற்றிச் சோறு போட்டாள்.

சாப்பிட்டதும் அவருக்கு யோசனை வந்தது. சந்தைக்குப் போய் ஐந்து கிலோ கத்திரிக்காய் வாங்கிவந்தார். என் கடைக்குப் பக்கத்துத் தையற்காரரிடம் பச்சை நூல்கண்டு கிடைத்தது. அவரும் ரங்கனும் நானும் சாயங்காலம் வரை உட்கார்ந்து செடிக்கு எட்டுக் காயாகக் கட்டினோம். சைக்கிள் கடைக்காரன் என்பதால் முடிச்சு எனக்கு நன்றாக வந்தது. வாங்கிய காயில் பச்சை பாதி, ஊதா பாதி. காய் தீர்ந்தும் உற்சாகம் தீராத ரங்கன், தங்கமுத்து தன் வீட்டுக்கு வாங்கிவைத்திருந்த நாலு பாகற்காயை எடுத்து அவரைப் பந்தலில் கட்டிவிட்டார்.

மேலதிகாரி சஃபாரி சூட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்தார். அந்த வருஷம் எல்லா அதிகாரிகளும் அப்படித்தான் வந்தார்கள். ஒரே செடியில் பச்சையும் ஊதாவும் தொங்குவதைக் கண்டு வியந்தார். வீரிய ரகம் என்றார் தங்கமுத்து. பந்தலில் பாகற்காயைக் கண்டு இன்னும் வியந்தார். கலப்புப் பயிர் என்றார் தங்கமுத்து. அதோடு போயிருக்கலாம். குனிந்து ஒரு காயைத் தொட்டுத் தூக்கிப் பார்த்தார்.

“இது என்ன நூல்?”

தங்கமுத்து ரங்கனைப் பார்த்தார். நான் என் பம்பை எடுத்துவரப் போவதுபோல நகர்ந்தேன். பாப்பாயிதான் பதில் சொன்னாள்.

“நூல் இல்லீன்னா காய் நிக்காதுங்க சார்.”

மேலதிகாரி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். இவ்வளவு எளிய முறையை இத்தனை வருஷமாக ஆராய்ச்சி நிலையங்கள் கண்டுபிடிக்கவில்லையே என்று எல்லோர் முன்னிலையிலும் வருத்தப்பட்டார். நூலோடு சேர்த்துப் போட்டோ எடுக்கச் சொன்னார். நாங்கள் கை தட்டினோம்.

தையில் சென்னியம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. காது இரண்டும் சுத்தமாக இருந்தது. அடுத்த ஆடியில் அது தவழ்ந்து திரிந்தபோது இரண்டு தபால் ஒன்றாக வந்தன. ஒன்று, மேற்படி சென்னியம்மாள் தன் தற்காலிக ஆசையின் பொருட்டு இரண்டு கத்திரிக்காய் மட்டும் பறித்துக்கொள்ள அனுமதிக்கப்படுகிறாள் என்பது. மற்றொன்று, புதுச்சத்திரத்தில் வீட்டுக்கு ஒரு போர்டும் ஒரு பச்சை நூல்கண்டும் இலவசம் என்பது.

வரிசையில் ஊரே நின்றது. போர்டு இல்லாத வீட்டில் பெண் எடுக்க யோசிக்கிற அளவுக்கு அது முற்றிவிட்டது. பாப்பாயி மட்டும் தன் வாசலில் இருந்த போர்டைப் பிடுங்கச் சொன்னாள். அகற்ற விதியில்லை, வேண்டுமானால் பக்கத்து வீட்டுக்கு மாற்றலாம் என்றார் தங்கமுத்து. பக்கத்து வீடு என்னுடையது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

போர்டு வைத்த தோட்டத்தில் காய்த்தால் பறிக்கக் கூடாது. பறிக்கக் கூடாத காய்க்கு எதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்? ஊரில் யாரும் ஊற்றவில்லை. செடிகள் காய்ந்து குச்சியாக நின்றன. குச்சியில் கட்டுவதற்கு வசதியாகவும் இருந்தது. கார்த்திகையில் பார்வையிடல் என்று அறிவிப்பு வந்ததும், முந்தின நாள் நாங்கள் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு ஓடினோம்.

அங்கே கத்திரிக்காய் வைத்திருந்தது ஒரே ஒரு ஆள். போர்டு இல்லாத தோட்டத்திலிருந்து பறித்துவந்த வரிக் கத்திரியைக் கூடையில் குவித்துப் பாப்பாயி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பேத்தி ஒரு பிஞ்சைச் சப்பிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் ஊரில் பாதிப்பேர் நின்றார்கள். என் முறை வந்தபோது பாப்பாயி தராசைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“கொழம்புக்குங்களாண்ணா, கட்டறதுக்குங்களா?”

பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்காதபடி, “கட்டறதுக்கு,” என்றேன்.

அவள் நீளக் காம்பாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டாள்.