தாத்தா காலத்துத் தரை

“அண்ணாச்சி, வெள்ளிக்கெயம காலைல எங்க இன்ஸ்பெக்டரு ஒன் வூட்டுத் தரையப் பாக்க வர்றாரு. சொல்ட்டு வரச் சொன்னாரு” என்றான் சிமெண்ட் பர்மிட் ஆபீஸ் பியூன் அம்புரோஸ். சொன்ன கையோடு சைக்கிளில் ஏறிப் போயே விட்டான்.

ராயபுரத்தில் மளிகைக்கடை வைத்திருந்த சுப்புராஜ் கடையைப் பாதியில் மூடிவிட்டு வீட்டுக்கு ஓடினார். வீட்டுக்குச் சிமெண்ட் தரை போட்டு ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. உலகச் சண்டை முடிந்து மூன்று வருஷமாகியும் பர்மிட் இல்லாமல் ஒரு படி சிமெண்ட் வாங்கக் கூடாது. அவர் ஆறு மூட்டை வாங்கியிருந்தார். மாட்டிக்கொண்டால் கடை லைசென்ஸ் போய்விடும். அவரும் உள்ளே போக வேண்டியதுதான்.

“தெருப்பூரா கூட்டியாந்து காட்டினியே, இப்ப சந்தோசமா?” என்று மனைவி தங்கபுஷ்பத்தின் மேல் பாய்ந்தார்.

“பதினோரு வருசமா சாணி மெழுகுன கை இது. காட்டாம வேற என்ன செய்யச் சொல்லுதீய?”

தரையைப் போட்ட கொத்தனார் அப்துல் வஹாபுக்கு ஆள் போயிற்று. அவர் வந்து வெற்றிலையை மென்றபடி யோசித்தார்.

“பேஜாராவாத அண்ணாச்சி. புச்சுத் தரையப் பழசாக்கிட்டா முடிஞ்சிது. ஒன் தாத்தா போட்டதுன்னு சொல்லிடு. நல்லா திக்கா டீ ஊத்து, கறை புடிச்சிக்கும்.”

டீக்கடை அண்டா ஒன்று முழுசாக வீட்டுக்கு வந்தது. கறை பிடிக்கவில்லை, எறும்புதான் பிடித்தது. சர்க்கரைக்கு ரேஷன் என்பதால் டீக்கடைக்காரர் வெல்லத்தைத் தாராளமாகப் போட்டிருந்தார்.

“டீ சரிப்படாது. நாட்டு மருந்துக் கடைல அன்னபேதி கீதே, அத்தக் கரைச்சி ஊத்து” என்றார் வஹாப்.

பச்சை நிறத்தில் இருந்த அந்த இரும்பு உப்பைக் கரைத்து ஊற்றினார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை என்பதால் சுப்புராஜ் இன்னொரு வாளி ஊற்றினார். சாயங்காலத்துக்குள் கூடம் முழுக்கத் துருப்பிடித்துச் சிவந்துவிட்டது.

பால் கடன் கேட்க வந்த பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசா வாசலிலேயே நின்றுவிட்டாள். “யா அல்லா, யாருக்கு அடிபட்டுச்சு?”

சிவப்பை அடக்க விளக்குக் கரியை நல்லெண்ணெயில் குழைத்துத் தேய்த்தார்கள். சிவப்பு அடங்கியது. ஆனால் சுப்புராஜ் வழுக்கி விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“பழய தரைன்னா ஒரு விரிசலாவது வாணாவா?” என்றார் வஹாப். தொழில் என்று வந்துவிட்டால் அவருக்குக் குறை வைக்கப் பிடிக்காது. அம்மிக்குழவியைத் தூக்கி நடுக்கூடத்தில் போட்டார். விரிசல் வரவில்லை, ஒரு முழத்துக்குக் குழியே விழுந்தது.

தங்கபுஷ்பம் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சுப்புராஜுக்கும் மனசு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் ஜெயிலை நினைத்துக்கொண்டு, உடைந்த சில்லுகளை அள்ளி வெளியே கொட்டினார்.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் அம்புரோஸுடன் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். குழியருகே குனிந்து பார்த்தார்.

“இது எப்போ போட்ட தரை?”

“எங்க தாத்தா போட்டது சார்.”

“புதுசுன்னு கேள்விப்பட்டேனே?”

“பொறாமை சார். ஊரு வாய மூட முடியுமா?”

“அப்போ சிமெண்ட்?”

“தாத்தா காலத்துல சிமெண்ட் ஏது சார்? வெறும் சுண்ணாம்பு. நான் இந்தக் கண்ணால சிமெண்ட் மூட்டையப் பார்த்தே வருசக் கணக்காச்சு” என்று சுப்புராஜ் கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தார்.

இன்ஸ்பெக்டரின் முகம் தொங்கிப் போயிற்று. கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல், பெருமூச்சு விட்டபடி படியிறங்கினார்.

“பார்த்தியா, எப்படிச் சமாளிச்சேன்!” என்று சுப்புராஜ் மனைவியிடம் மார்தட்டினார். ஒன்பது நாளாகப் பார்த்துப் பார்த்துத் துடைத்த தரை என்ற துக்கத்தில் அவள் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இன்ஸ்பெக்டர் மறந்து வைத்த குடையை எடுக்க அம்புரோஸ் திரும்பி வந்தான். குழியையும் சுப்புராஜையும் மாறி மாறிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

“இன்னா அண்ணாச்சி, இப்டிப் பண்ட்டியே! தண்டியார்பேட்டைல ஐயா கட்டினுகீற வூடு, சிமெண்ட் கெடைக்காம ரெண்டு மாசமா தரை இல்லாம நிக்குது. பர்மிட்டு இல்லாம நீ எங்க வாங்கினன்னு கேட்டுனு போவத்தான் அவுரு வந்ததே!”