லாரிக்கு ஜொரம் பார்த்த அண்ணா

வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் முன்னால் பார்த்து ஓட்டுவார்கள். பின்னால் என்ன ஆகிறதோ என்ற கவலையிலேயே ஆயுசு முழுக்க லாரி ஓட்டிய மனிதர் இந்த உலகத்தில் எங்கள் ஜொரம் அண்ணா ஒருவர்தான். பழைய தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் பாலகாட் லைனில் அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும். எங்களுக்கெல்லாம் அவர் ஜொரம் அண்ணா.

லாரியின் பின் சக்கரங்களுக்கு நடுவே, அடியில், சோற்றுப் பானை மாதிரி ஓர் இரும்பு உருண்டை இருக்கும். டிஃபரன்ஷியல் என்று பெயர். கனமான லோடு இழுத்தால் முதலில் ஜொரம் வருவது அதற்குத்தான் என்பது அண்ணாவின் கட்சி.

“என்ஜின் முன்னாடிதானே அண்ணா இருக்கு? அப்புறம் பின்னாடி எப்படிச் சூடாகும்?” என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன்.

“சொரங்கத்து ஷாஃப்டுலேந்து ஆளுங்கள ஏத்திகினு கேஜு மேல வருதும்மா. யாருக்குக் கஷ்டம்? கேஜுக்கா, மேல சுத்துற வீலுக்கா?”

“வீலுக்கு.”

“தப்பு.”

“அப்போ கேஜுக்கு.”

“அதுவும் தப்பு. வீலுக்குள்ள கீற ஆயிலுக்கு. பல்லும் பல்லும் அழுத்திகினு சுத்தும். ஆயிலு சூடாயி தண்ணியாட்டம் ஆயிடும். அப்புறம் பல்லு போச்சு, ஆக்ஸிலு போச்சு, வண்டி நடு ரோட்ல குந்திக்கும். புரிஞ்சிதா?”

புரிந்தது என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் கேஜ் எங்கே வந்தது, லாரி எங்கே போனது என்று ஒன்றும் புரியவில்லை.

கருவி எதுவும் இல்லாத காலத்தில் அவர் உள்ளங்கையால்தான் ஜொரம் பார்ப்பார். மேடு ஏறியதும் லாரியை ஓரங்கட்டி, அடியில் நுழைந்து, அந்த உருண்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு ரயில் நிலையங்களின் பெயரைச் சொல்லுவார். “கோரமண்டல்... உரிகம்... சாம்பியன்... மாரிக்குப்பம்.” மாரிக்குப்பம் வரைக்கும் கை தாங்கினால் வண்டி கிளம்பும். உரிகத்திலேயே கையை எடுத்துவிட்டால் அரை மணி ஓய்வு. லாரிக்கு அடியில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, அடிபட்டுக் கிடக்கிறார் என்று ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவர்கள் உண்டு. ஒருநாள் என்னோடு பெங்களூர் ரயிலில் வேலைக்குப் போகிற ஒருவர் அந்தக் குரலைக் கேட்டு, குனிந்து, “எட்டு மணி டிரெயின் லேட்டாங்க?” என்று லாரிக்கு அடியில் விசாரித்தார்.

அவர் கை பொரிந்துபோவதைப் பார்க்கச் சகிக்காமல் நான்தான் பெங்களூரிலிருந்து துப்பாக்கி மாதிரி ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வந்து கொடுத்தேன். தூரத்தில் நின்று குறிவைத்து அழுத்தினால் சூடு எவ்வளவு என்று எண் வரும். அதோடு எங்கள் நிம்மதி போயிற்று. ஹோட்டலில் இட்லியைச் சுட்டார். “நாப்பத்தொண்ணு. ஆறிப்போச்சு, வேற குடு.” லைனில் மாமனார் வீட்டுக்கு வந்திருந்த ஒரு மருமகனை வாசலிலேயே நெற்றியில் சுட்டார். அந்தப் பையன் பயத்தில் கையைத் தூக்கிவிட்டான்.

போன கோடையில் எங்கள் லைனில் குழாய் முழுதாக வறண்டுபோயிற்று. டேங்கர் வந்தால் குடங்களை விட மனிதர்கள்தான் அதிகமாக மோதிக்கொண்டார்கள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு போர்வெல் வண்டிக்கு ஏற்பாடு செய்தோம். வருவதாகச் சொன்ன அன்று காலையில் அதன் டிரைவர் போன் செய்தார். திருச்செங்கோட்டுக்காரர்.

“ஏனுங்க, வண்டி பங்காருப்பேட்டைகிட்ட படுத்துருச்சுங்க. வண்டியோட என்ஜின்தானுங்க போச்சு. குழி போடற மிஷின் தனிங்க, அது நல்லாத்தான் இருக்குது. யாராச்சும் இழுத்துட்டுப் போனா இன்னைக்கே போட்டுரலாமுங்க. ராத்திரி மெக்கானிக் வந்து என்ஜினைப் பாத்துருவாரு, நாளைக்கு ஆந்திராவுல வேலைங்க. இன்னைக்கு விட்டா அடுத்த மாசந்தானுங்க.”

அடுத்த மாதம் என்றதும் லைனே வெளிறிவிட்டது. எல்லோரும் ஜொரம் அண்ணாவைப் பார்த்தோம். அவர் தன் லாரியின் பின்பக்கத்தைப் பார்த்தார்.

“போர்வெல் வண்டின்னா மலையாட்டம் கனம்மா. எம் பொண்டாட்டியக் கூடக் கேட்டுகினு வந்துடுவேன். அத யாரு கேக்கறது?” என்று டிஃபரன்ஷியலைக் காட்டினார். ஆனாலும் சாவியை எடுத்தார். கன்னடத்தில் போலீஸோடு பேச ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்.

பங்காருப்பேட்டையில் அந்த வண்டியை இரும்புக் கம்பியால் பின்னால் மாட்டினார்கள். என்ஜின் ஓடாமல் காற்றழுத்தம் இல்லாத லாரியில் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளுமாம். அதை ஒவ்வொரு சக்கரமாக விடுவித்தார்கள். கிளம்பினோம். நடக்கிறவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை அண்ணா இறங்கி, குனிந்து, சுட்டு, “அறுவத்தெட்டு”, “எழுவத்தாறு” என்று அறிவித்துவிட்டு ஏறினார். நூற்றுப் பத்து அவருடைய எல்லைக்கோடு. நடுவில் ஒரு டீக்கடையில் நிறுத்தி, துப்பாக்கியைக் கிரீஸ் துணியால் நன்றாகத் துடைத்தார்.

அடுத்த மேட்டில் இறங்கிச் சுட்டவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நூத்தி தொண்ணூத்தி ரெண்டு!”

“என்ன அண்ணா?”

“போச்சும்மா. உள்ள பல்லெல்லாம் பாயாசமாயிருக்கும்.”

பின்னால் பஸ்கள் நின்றன. ஹாரன்கள் அலறின. திருச்செங்கோட்டுக்காரர் ஓடிவந்தார். “ஏனுங்க, எதுக்குங்க நிறுத்துனீங்க? புகையே காணமுங்களே?”

“நூத்தி தொண்ணூத்தி ரெண்டுய்யா! வண்டிய ஒரு அங்குலம் நவுத்த மாட்டேன்!”

டிரைவர் சந்தேகத்தோடு துப்பாக்கியை வாங்கித் தன் நெற்றியிலேயே சுட்டுக்கொண்டார். “தொண்ணூத்தேழு. நார்மலுங்க.”

“தொண்ணூத்தேழா? வெந்துகினு கீறியே நீ! தண்ணி குடி மொதல்ல!”

“எனக்கு ஒண்ணுமில்லீங்க.”

“ஒண்ணுமில்லியா? டீயே அவ்ளோ சூடு இல்லய்யா!”

எனக்குத் தலை சுற்றியது. மனிதனுக்கு அது நார்மல், அப்படியானால் லாரிக்கு? கண்டக்டர் ஒருவர் கன்னடத்தில் ஏதோ கத்தினார். ஓர் ஆந்திராக்காரர் தெலுங்கில் யோசனை சொன்னார். எல்லோரும் துப்பாக்கியை வாங்கி ஆளுக்கொன்றைச் சுட்டார்கள். பஸ் பானெட் ஓர் எண் சொன்னது, வெயிலில் நின்ற எருமை ஓர் எண் சொன்னது. எது அதிகம், எது குறைவு என்று யாருக்கும் தெரியவில்லை. துப்பாக்கி என் கைக்கு வந்தபோதுதான் எண்ணுக்குப் பக்கத்தில் ‘சி’ இருந்த இடத்தில் ‘எஃப்’ நிற்பதைப் பார்த்தேன். துடைத்த துடைப்பில் பட்டன் மாறி, கணக்கு ஃபாரன்ஹீட்டுக்குப் போயிருந்தது. மனசுக்குள் கழித்து, பெருக்கி, வகுத்தேன்.

“அண்ணா, இது எண்பத்தொன்பதுதான். வேற கணக்குல காட்டுது.”

“வேற கணக்குன்னா? அதுக்கு ஜொரம் கீதா, இல்லியா?”

“இல்லை அண்ணா.”

கூட்டம் சிரித்தது. அண்ணாவின் முகம் சுருங்கியதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து, என் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கிப்போன கண்டக்டர் போர்வெல் வண்டிப் பக்கமிருந்து அதைத் தூக்கிக் காட்டினார். அந்த வண்டியின் பின் சக்கரம் ஒன்றைச் சுட்டிருக்கிறார். நானூறு.

“மிஷினே கெட்டுப்போச்சுடா!” என்று மறுபடி சிரிப்பு. சரியான கணக்கில் அது எத்தனை என்று நான் இன்னும் வகுத்துக்கொண்டிருந்தேன். அண்ணா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய், அந்தச் சக்கரத்தின் பிரேக் டிரம்மை நோக்கி உள்ளங்கையை நீட்டினார். “கோ—” என்றார். கோரமண்டலே வரவில்லை. கையை உதறிக்கொண்டு துள்ளினார். அதற்குள் மெல்லிய புகை கிளம்பி, கருகல் நெடி எல்லோர் மூக்கிலும் ஏறியது.

அந்த ஒரு சக்கரத்தில் பிரேக் முழுதாக விடுபடவே இல்லை. வழி நெடுகத் தேய்ந்து தேய்ந்து பழுத்திருக்கிறது. இன்னும் ஒரு மேடு ஏறியிருந்தால் டயர் பற்றிக்கொண்டு, அதற்கு மேலே இருந்த டீசல் பேரலும் பற்றியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே திருச்செங்கோட்டுக்காரர் பேரலைத் தொட்டுப் பார்த்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் சத்தமில்லாமல் ஜன்னலிலிருந்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

டிரம் ஆறியதும் பிரேக்கை விடுவித்துக்கொண்டு மறுபடி கிளம்பினோம்.

“நிக்கணும்னு எனக்கு அப்பவே தோணிச்சும்மா” என்றார் அண்ணா, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி.

“நீங்க நின்னது தப்பான நம்பரப் பாத்து, அண்ணா.”

“நின்னது சரியா, தப்பா?”

“சரி.”

“அப்போ நம்பரு எப்பிடித் தப்பாவும்?”

துப்பாக்கியை மறுபடி ‘சி’க்கு மாற்றி அவர் பக்கத்தில் வைத்தேன்.

மத்தியானம் லைனுக்குள் நுழைந்தபோது விசில் பறந்தது. மிஷின் தெருவே அதிர இறங்கிக்கொண்டே போயிற்று. முதலில் வெள்ளைப் புழுதி, பிறகு கறுப்புச் சேறு, சாயங்காலம் சேறு கரைந்து கரைந்து தண்ணீர் பீறிட்டது. புடவை, பள்ளிக்கூட யூனிஃபார்ம் என்று பார்க்காமல் எல்லோரும் நனைந்தார்கள். அண்ணாவுக்கு மாலை போடலாம் என்று தேடினால் ஆளைக் காணோம்.

கடைசியில் அவருடைய லாரிக்கு அடியில் கண்டுபிடித்தோம். சாக்கை விரித்து, சுட்டுக்கொண்ட கையை மார்பின் மேல் வைத்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். லாரி தெருவின் குறுக்கே பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. ஒரு கார்க்காரர் வந்து ஹாரன் அடித்தார். ஈரத் தலையோடு நின்ற எங்கள் லைன் பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பி வாயில் விரலை வைத்தோம். அவர் காரைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு, ஊரைச் சுற்றிப் போனார்.